விருதுநகர் மாவட்ட வறட்சிப் போக்குப் பகுப்பாய்வு

பல பத்தாண்டு மழைப் பதிவுகளிலிருந்து மழை தவறும் அளவையும் கால இடைவெளியையும் கணித்து, பாசனத்துக்கும் குடிநீருக்கும் திட்டமிடுவது வறட்சிப் போக்குப் பகுப்பாய்வு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 800 மி.மீ.; அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை. கரிசல் நிலத்தில் மானாவாரிச் சாகுபடியே மிகுதி; பிற நிலங்கள் கண்மாயையும் கிணற்றையும் நம்பியுள்ளன. சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழிலும் பின்னர் பட்டாசுத் தொழிலும் வேரூன்ற வழிவகுத்ததும் இவ்வறண்ட வானிலையே.

வறட்சி நான்கு வகைப்படும்: வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி, சமூகப் பொருளாதார வறட்சி. ஓரிடத்தின் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 26 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தால் மிதமான வறட்சி என்றும், அதற்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுக்கிறது. மழை பொய்த்ததும் முதலில் மண்ணின் ஈரம் போகும். அடுத்துக் கண்மாய் வற்றும். நிலத்தடி நீர் கடைசியில் இறங்கும். ஓர் அடைமழையில் பயிர் தேறிவிடலாம். ஆழக் கிணறு தேற அது போதாது.

வறட்சி தாக்குவதிலும் தேறுவதிலும் உள்ள இந்தக் கால வேறுபாட்டை அளப்பது, மக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் ஆகியோர் 1993இல் வகுத்த தரப்படுத்திய மழைக் குறியீடு. இதற்குக் குறைந்தது 30 ஆண்டு மாத மழைப் பதிவு வேண்டும். குறியீடு −1 ஆனால் மிதமான வறட்சி, −1.5 ஆனால் கடும் வறட்சி, −2 ஆனால் மிகக் கடும் வறட்சி. மானாவாரிப் பருத்திக்கும் பயறுக்கும் 3 மாதக் கணக்கு பொருந்தும். அணைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் 12 அல்லது 24 மாதக் கணக்கு தேவை. மழையின் நெடும்போக்கு ஏறுமுகமா இறங்குமுகமா என்பதை மான்–கெண்டால் சோதனை காட்டும்; அதன் வேகத்தை, இந்தியாவில் பிறந்த பிரணாப் குமார் சென் 1968இல் வெளியிட்ட சரிவு முறை அளக்கும்.

கணக்கிடும் அலகாக ஆங்கில ஆண்டைவிட, ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டே இங்கு ஏற்றது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பருவமழை தவறியதும் அதையடுத்த கோடைத் தட்டுப்பாடும் பசலி 1426இல் ஒருசேர அடங்குகின்றன. ஆங்கில ஆண்டுக் கணக்கில் அவை இரண்டாகப் பிரிந்துவிடும். 1876–78இன் தாது வருடப் பஞ்சமும் ஒரே ஆண்டின் சராசரியைக் கொண்டு அளக்க இயலாத பேரிடரே.

2018 முதல் விருதுநகர் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் உள்ளது. நீர்வளமும் அத்திட்டத்தின் அளவுகோல்களில் அடங்கும்.