ஆளொழிந்த மாளிகைகளும் வரலாற்றுச் சான்றும்

புதுவை நகரின் வடபால் கடலையொட்டி அமைந்தது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் துறை அது. அத்துறையின் பெருமையை நிலைநாட்டப் பெருங்கட்டடம் எதுவும் வேண்டப்படவில்லை. ஆண்டுதோறும் மக்கள் கூடும் வழக்கமே அதனைக் காத்து வருகின்றது. கட்டடங்களுக்கும் இஃது ஒக்கும். பயன்பாடு உள்ளவரை அவை பேணப்படும். ஆளொழிந்தபின் அழிவு விரைந்து வரும். அங்ஙனம் ஆளொழிந்த பழங்கட்டடத்தை இடிப்பதா, மீட்பதா, மீண்டும் புதிதாக எழுப்புவதா என்னும் வினாவுக்கு எங்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அக்கட்டடத்தில் எது வரலாற்றுச் சான்றாக நிற்கின்றது என்பதை அறிந்தே விடை காணல் வேண்டும். இதனை இரு கட்டடங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, வைத்திக்குப்பத்திற்குத் தெற்கே புதுவைக் கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடம். பிரெஞ்சு மொழியில் ‘மேரி’ என்பது நகராட்சி மன்றத்தைக் குறிக்கும். இது 1870–71இல் எழுந்தது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் நகராட்சி முறை 1880இல் ஏற்பட்டபின் நகரின் பொதுவாழ்வோடு பிணைந்து நின்றது. பேணுவாரின்றித் தளர்ந்த இக்கட்டடம் 2014 நவம்பர் 29ஆம் நாள் மழைக்காலத்தில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் உலக வங்கியின் உதவியுடன் பழைய தோற்றத்தையே ஒட்டி மீண்டும் கட்டப்பெற்று, 2021 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்டது.

இரண்டாவது, மும்பை நகரின் எஸ்பிளனேடு மேன்ஷன். 1860களில் ஜான் வாட்சன் என்பார் தம் பெயரால் அமைத்த விடுதியே இது. இலண்டன் செயின்ட் பாங்கிராஸ் இருப்பூர்தி நிலையக் கூரையமைப்பிலும் பங்குகொண்ட பொறியாளர் ரோலண்டு மேசன் ஆர்டிஷ் இதனை வகுத்தார். இதன் வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் செய்யப்பெற்றுக் கப்பலில் வந்து, மும்பையில் பொருத்தப்பட்டன. 1896 ஜூலை 7ஆம் நாள் லூமியேர் உடன்பிறந்தாரின் திரைப்படங்கள் இங்கே காட்டப்பட்டன. இந்தியத் திரைப்பட வரலாறு அந்நாளையே தொடக்கமாகக் கொள்ளும். மார்க் ட்வைன் தங்கியதும் அவ்வாண்டே.

1960களில் விடுதி மூடப்பட்டது. அறைகள் சிறு சிறு பகுதிகளாகத் தடுக்கப்பெற்றுக் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. பம்பாய் வாடகைச் சட்டம் 1947இல் வந்தது. வீடு கிடைத்தற்கு அரிதாயிருந்த காலத்தில் குடியிருப்போர்க்கு அரணாயிருந்த அச்சட்டம், பல பழங்கட்டடங்களின் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்திவிட்டது. செப்பனிடும் செலவோ ஆண்டுதோறும் ஏறிற்று. உரியவருக்குச் செலவிட ஊக்கமில்லை, குடியிருந்தார்க்கு உரிமையில்லை. இவ்விருவர்க்கும் இடையே அந்நகரின் பழங்கட்டடங்கள் பல நலிந்தன. எஸ்பிளனேடு மேன்ஷனும் நலிந்தது. 2005இல் அதன் மாடமுகப்பு ஒன்று வீழ்ந்து ஓர் உயிர் மாய்ந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006ஆம் ஆண்டிற்கான இடருற்ற நினைவுச்சின்னங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. 2019இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் இடித்தலே தக்கது எனத் தம் அறிக்கையிற் கூறினர். அவ்வாண்டே நீதிமன்ற ஆணைப்படி குடியிருந்தோர் வெளியேறினர். மரபுக் காவலர் பலர் மீட்டல் இயலும் என வாதிட்டனர்.

இவ்விரு கட்டடங்களுக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ் ஆய்வாளர் எளிதில் உணர்வர். ஏட்டுச்சுவடி செல்லரித்தாலும், முன்னரே படியெடுத்திருப்பின் பாடம் எஞ்சும். மேரி கட்டடத்தின் மறுபிறப்பு அத்தகையது: ஏடு போயிற்று; பாடம் நின்றது. அதனைப் படி என்றே சொல்லிக் காட்டுதல் வரலாற்று நேர்மையாகும். செப்பேட்டின் நிலை வேறு. அதில் உள்ள சொற்களேயன்றிச் செம்பும் முத்திரை வளையமும் எழுத்து வெட்டிய முறையும் தனித்தனிச் சான்றுகள். எஸ்பிளனேடு மேன்ஷன் செப்பேட்டை ஒத்தது. வார்ப்பின் தன்மையும் இணைப்பின் முறையும் கடல் கடந்து வந்த கட்டடத் தொழில்நுட்பத்தைக் காட்டும் நேர்ச்சான்றுகள். அவற்றை உருக்கிவிட்டு அதே தோற்றத்தில் கற்காரைக் கட்டடம் ஒன்றை எழுப்பினால், வடிவம் கிடைக்கும், சான்று கிடைக்காது.

ஆயினும் இரும்பைக் காத்தல் மட்டும் போதுமானதன்று. அக்கட்டடத்தைப் பற்றி எழுதுவோர் வாட்சனையும் மார்க் ட்வைனையும் மறவாது கூறுவர். விடுதி மூடியபின் அரை நூற்றாண்டு அங்கு வாழ்ந்தும் தொழில் செய்தும் வந்தாரைப் பற்றிய குறிப்போ மிகக் குறைவு. விடுதியின் புகழைவிட, நெருக்கமிக்க நகரில் எளியோர் இடம் தேடிய வரலாற்றுக்கு அத்தடுப்பறைகளே சிறந்த சான்று. குடியிருந்தோர் வெளியேறும்போது அவ்வரலாறும் உடன் வெளியேறிவிடுகின்றது.

ஆதலின் ஒரு பழங்கட்டடத்தை வெறுமையாக்கும் ஆணையோடு மூன்று கடமைகள் இணைதல் வேண்டும் என்பது நம் கருத்து. மூலப்பொருளில் எது சான்று என்பதை வரையறுத்தல் ஒன்று. வாழ்ந்தோர் வாய்மொழியையும் அறைகளின் அமைப்பையும் பதிவு செய்தல் மற்றொன்று. செப்பனிடும் பொறுப்பு யாருடையது, மீண்டும் எப்பயனுக்கு உரியது என்பவற்றைக் காலவரையறையுடன் முடிவு செய்தல் இன்னொன்று. இம்மூன்றுமின்றிக் கதவடைத்தல் காவலாகாது. இடிப்பதற்கு மனமின்றியும் காப்பதற்குப் பொருளின்றியும் நாள் கடத்துவோமாயின், முடிவை மழையும் துருவும் எடுக்கும் என்பதைப் புதுவைக் கடற்கரை 2014இல் நமக்கு உணர்த்திற்று.