இரும்பில் எழுதிய மெய்க்கீர்த்தி

திருவரங்கத்திலிருந்து கொள்ளிடத்தின் வடகரையோடு கிழக்கே சென்றால் திருமழபாடி வரும். அவ்வூர்க் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1013) ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தும் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. பழமையைப் புதுப்பிக்கப் புகுவோர் முதலில் செய்ய வேண்டியது படித்தலும் படியெடுத்தலுமே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று நமக்குத் தெரிந்து வேறில்லை.

இந்நெறி கோயிலுக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்துக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்வெட்டைப் பேசும் இடத்தில் என்ஜினுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு இரண்டும் அண்டை வீட்டுச் செய்திகள்தாம். ஆற்றுக்கு அக்கரையில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளோடு அரங்கன் கோயில்; இக்கரையில் பொன்மலை ரயில்வே பணிமனை.

மேலை நாட்டில் பழைய இயந்திரங்களை அடையாளம் காண்பது ஒரு தனிக்கலையாக வளர்ந்திருக்கிறது. எளிய எடுத்துக்காட்டு புல்வெட்டும் இயந்திரம். துணி ஆலையில் துணியின் மேற்பிசிரைச் சீவும் சுழல்கத்தியைப் பார்த்து, அதையே புல்தரைக்கு ஆக்கினால் என்ன என்று எண்ணிய எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுடில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோலில் ஓடுவதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1921இல் வந்த அட்கோ அதை நடுத்தரக் குடும்பங்களின் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தது. இன்று இவற்றைத் தேடிப் புதுப்பிப்போர் முதலில் பார்ப்பது என்ஜினில் பொறித்த எழுத்தையும் எண்ணையும்தான். ஆனால் அதில் ஓர் இடறல் உண்டு. வில்லியர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் என்ஜினைப் பலரும் வாங்கித் தத்தம் வண்டிகளில் பொருத்தினர். ஆகவே அந்த எண் என்ஜினின் வயதைச் சொல்லுமேயன்றி வண்டியின் வயதைச் சொல்லாது. ஒரு கோயிலில் கிடக்கும் தூணின் கல்வெட்டை மட்டும் கொண்டு அக்கோயிலின் காலத்தைக் கணித்துவிடக் கூடாது என்று கல்வெட்டறிஞர்கள் எச்சரிப்பது இதே காரணத்தால்தான். தூண் வேறெங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம் அல்லவா?

நீராவி என்ஜினிலும் இச்சிக்கல் உண்டு, அளவில் பெரியது. பக்கவாட்டில் பதித்த பித்தளைத் தகடு செய்தவர் பெயரையும் ஆண்டையும் கூறும். அதுவே என்ஜினின் மெய்க்கீர்த்தி. ஆனால் பெரும் பழுதுபார்ப்பின்போது ஒன்றின் கொதிகலன் மற்றொன்றுக்கு மாறும், தண்டுகள் மாறும், சக்கரங்கள் மாறும். எனவே தேர்ந்த ஃபிட்டர் தகட்டோடு நிற்பதில்லை. அழுக்கையும் வண்ணப்பூச்சையும் சுரண்டி, இணைப்புத் தண்டுகளிலும் சட்டத்திலும் குத்திய எண்களை ஒவ்வொன்றாகத் தேடுவார். படித்துக் குறித்த பிறகே பிரிப்பார்.

பொன்மலையின் பெயரோடு சேர்ந்து பேசப்படும் நீராவி என்ஜின் நீலகிரி மலை ரயிலுடையது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் திறக்கப்பட்ட இந்த 46 கிலோமீட்டர்ப் பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்று ஏறும் சரிவு. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை பதித்து, என்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறுமாறு அமைத்தனர். இதற்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டது எக்ஸ் வகை என்ஜின். அதற்கு நான்கு உருளைகள். கீழுள்ள இரண்டும் உயரழுத்த நீராவியால் ஓடும் சக்கரங்களைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேலுள்ள இரண்டுக்கும் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும். சமதளத்தில் மேலிரண்டும் ஓய்ந்திருக்கும்.

1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், 1952இல் ஐந்துமாக இவை வந்தன. அவற்றுள் கடைசி எண் 37395. இந்தியாவில் சித்தரஞ்சன் ஆலை 1972இல் நீராவி என்ஜின் செய்வதை நிறுத்தியது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2011இல், பொன்மலையில் ஒரு புதிய எக்ஸ் என்ஜின் உருவாயிற்று. எண்ணெயில் எரியும் அதற்கு இட்ட எண் 37396. சுவிட்சர்லாந்தில் அறுந்த வரிசை அறுபது ஆண்டு கழித்துத் திருச்சியில் தொடர்ந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2014க்குள் மேலும் மூன்று வந்தன. 2021இல் நிலக்கரியில் எரியும் 37400 வந்தது.

இவை புதியவையா, பழையவற்றின் மறுபிறப்பா? நம் மரபில் இக்கேள்விக்கு விடை எளிது. திருவாரூர் ஆழித்தேரின் சக்கரமும் அச்சும் இன்று திருச்சி பெல் ஆலையின் இரும்பால் ஆனவை, தேர் ஆழித்தேரே. திருவரங்கத்தில் நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாய் நின்ற தென்வாயில் 1987இல் 236 அடி உயர இராசகோபுரமாக நிறைவுற்றது; அதை யாரும் புதுக் கோயில் என்று சொல்வதில்லை. பொருள் மாறலாம், அளவும் முறையும் அவற்றை அறிந்த கையும் மாறாது தொடர்ந்தால் அது அதுவே.

அந்தக் கையைப் பற்றித்தான் நாம் சிறிது பேச வேண்டும். பொன்மலைப் பணிமனை 1928இல் செயல்படத் தொடங்கியது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களின் வேலைகளை இங்கே ஒன்றுசேர்த்தபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் குறைக்க முடிவு செய்தது. யார் நீடிப்பது என்பதைத் திறன் தேர்வு வைத்துத் தீர்மானிக்கப் போவதாக அறிவித்தது. பல்லாண்டு வேலை செய்தவர்களை நோக்கி, உனக்கு வேலை தெரியுமா என்று கேட்ட கேள்வி அது. அவ்வாண்டு சூலையில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றனர். பின்னர் 1946 செப்டம்பர் 5 அன்று இதே பொன்மலையில் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர். அந்நாள் இன்றும் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது.

என்ஜினின் பித்தளைத் தகட்டில் இவை எதுவும் இல்லை. ஆலையின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, அச்சு வார்க்க மரத்தில் மாதிரி செதுக்கியவர் பெயர் இல்லை. கொதிகலன் தகட்டில் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்ளிருக்கும் விரிசலை உணர்ந்தவர் பெயர் இல்லை. கோயிற் கல்வெட்டுகளும் பெரும்பாலும் இப்படித்தான். ஆயினும் தஞ்சைப் பெரியகோயிலில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் கல்லில் நின்றுவிட்டது. அந்த ஒரு பெயரைச் சொல்லும்போது நமக்கு எத்தனை நிறைவு!

திருச்சியில் 2014இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோர், அங்குள்ள பழம்பொருள்களில் குத்திய எண்களைத் தேடிக் காணச் செய்யலாம். தடவிப் படிக்கும் விரல் கல்லில் ஆனாலும் இரும்பில் ஆனாலும் ஒன்றே. அதனினும் இன்றியமையாத பணி வேறொன்று உண்டு. நீராவிக் காலத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் பொன்மலைக் குடியிருப்புகளைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். ஒரு வால்வை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த ஓசை வந்தால் தீயை அணைக்க வேண்டும் என்பவை அவர்கள் நினைவில் உள்ளன, வரைபடத்தில் இல்லை. இரும்பு துருவேறினாலும் மீண்டும் வார்க்கலாம். அந்த நினைவை மீண்டும் வார்க்க இயலாது.

விமானத்தைப் பிரிக்கும் முன் படியெடுங்கள் என்றான் இராசராசன். நாம் அதற்கு இன்னும் சில ஆண்டுகளே பெற்றிருக்கிறோம்.