கையால் பின்னிய பை 500 ரூபாய்... அதில் கூலி எவ்வளவு? குரோஷே, நிட்டிங் பற்றிய முழு விவரம்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கே இருக்கும் பேரையூரில் ஸ்வெட்டருக்கு வேலையே கிடையாது. மார்கழியில் விடியற்காலை பால் வாங்கப் போகிறவர்கள் மஃப்ளர் சுற்றிக்கொண்டால் உண்டு. ஆனாலும் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிற யாராவது ஒரு அத்தை உல்லன் குல்லாவும் சாக்ஸும் வாங்கிட்டுத்தான் போவாங்க. சித்திரை வெயிலாக இருந்தாலும் குழந்தைக்குக் குல்லா மாட்டித்தான் போட்டோ.

இப்போது அந்தக் குல்லாவோடு கைப்பை, மொபைல் பவுச், ஹேர் பேண்ட், கம்மல், வாசல் தோரணம் என்று ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் விற்கிறார்கள். "இவ்ளோ சின்னப் பை 500 ரூபாயா?" என்று வாங்குபவர் கேட்கிறார். "500 ரூபாய்ல எனக்கு என்னங்க நிக்குது?" என்று பின்னியவர் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் பதில் தெரிய வேண்டும் என்றால், முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிட்டிங் வேறு, குரோஷே வேறு

இரண்டுமே நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துத் துணியாக்கும் வேலைதான். நிட்டிங்கில் இரண்டு நீள ஊசிகள். ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியில் உயிரோடு இருக்கும். நடுவில் ஒரு கண்ணி நழுவினால் மேலிருந்து கீழ் வரை ஏணி போல இறங்கிவிடும். குரோஷேயில் நுனி வளைந்த ஒரே ஒரு கொக்கி ஊசி. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். தப்பு வந்தால் அந்த இடம் வரை பிரித்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்கள் குரோஷேயில் தொடங்குவதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

நிட்டிங் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டருக்கு அது பொருந்தும். குரோஷே கொஞ்சம் தடிப்பாக, உருவம் கலையாமல் நிற்கும். பைக்கும் பொம்மைக்கும் அது சரி.

இயந்திரம் நிட்டிங்கை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தின் வில்லியம் லீ சாக்ஸ் பின்னும் சட்டத்தைச் செய்தது 1589இல். இன்று திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் இயந்திரமும் போடுவது அதே கண்ணியைத்தான். நாம் போட்டிருக்கும் பனியனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் உண்மையான குரோஷேயைப் போட இன்றுவரை இயந்திரம் வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் 'குரோஷே' டாப் பெரும்பாலும் அதைப் போலத் தோன்றும் இயந்திரப் பின்னல். அது அசல் குரோஷேயாக இருந்தால், ஏதோ ஒரு ஊரில் ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த விலைக்கு அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

உல்லன் என்று வாங்குவது உல்லனா?

பெரும்பாலும் இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கையில் கிடைப்பது அக்ரிலிக். அது செயற்கை இழை. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டைக் கொளுத்திப் பார்க்கலாம். ஆட்டு ரோமம் என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் நொறுங்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். பருத்தி காகிதம் போல எரியும். (தட்டில் வைத்து, இடுக்கியால் பிடித்துச் செய்யவும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.)

நம் பக்கத்தில் ஆடு இல்லாமலில்லை. வேம்பூர், கீழக்கரிசல் என்று தெற்கத்தி இனங்களே இருக்கின்றன. ஆனால் அவை கறிக்கு வளர்ப்பவை. நூல் நூற்கும் அளவுக்கு ரோமம் இருக்காது. தமிழ்நாட்டில் ரோமத்துக்கான ஆட்டைப் பார்க்க வேண்டும் என்றால் கொடைக்கானல் மலையில் மன்னவனூருக்குப் போகலாம். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் அங்கே பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது.

பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் தரும் நூல் பருத்தி. இந்த வெயிலுக்கும் அதுதான் ஏற்றது. பிறந்த குழந்தைக்கு அக்ரிலிக் குல்லா மாட்டினால் வியர்க்குரு வருவதுதான் மிச்சம். பருத்தியில் பின்னிய மெல்லிய குல்லா கூடுதல் விலைக்கும் தகும். பருத்தி நூலுக்கு மதுரையில் பழைய வரலாறும் உண்டு. ஹார்வி மில் என்று ஊர் சொல்லும் மதுரா மில்ஸ், 1974இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. நம்ம அம்மாக்கள் தையல் டப்பாவில் வைத்திருந்த 'ஆங்கர்' நூல் அந்த நிறுவனத்தின் பெயரோடு வந்ததுதான்.

டிசைன் என்பது பாதி கணக்கு

சொந்தமாக டிசைன் செய்கிறவர்கள் முதலில் எடுப்பது நோட்டும் பென்சிலும். அதே நூலில், அதே ஊசியில், குறைந்தது 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு சாம்பிள் துண்டு பின்ன வேண்டும். அதைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால் இந்தப் படியைத் தாண்டினால் மொத்த வேலையும் வீண்.

ஒரு குல்லாவை எடுத்துக்கொள்வோம். தலைச் சுற்றளவு 56 செ.மீ. சாம்பிளில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, அதாவது ஒரு செ.மீ.க்கு 2. குல்லா தலையைப் பிடித்து நிற்க, சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். 52 செ.மீ. என்று வைத்தால் 104 கண்ணி. உச்சியில் குறைக்கும்போது வட்டத்தை எட்டுப் பாகமாகப் பிரிப்பது வழக்கம். 104ஐ எட்டால் வகுத்தால் பாகத்துக்கு 13. மீதி இல்லை, சரி. 51 செ.மீ. என்று வைத்திருந்தால் 102 வரும், எட்டில் அடங்காது. அப்போது 96க்கோ 104க்கோ நகர்த்த வேண்டும். ஆட்டு ரோமம் அளவுக்குப் பருத்தி இழுபடாது என்பதால் பெரிய எண்ணையே எடுப்பது நல்லது.

பையில் சிக்கல் வேறு. பொருளைப் போட்டுத் தொங்கவிட்டால் பருத்திக் கைப்பிடி நீண்டுகொண்டே போகும். முதல் நாள் இடுப்பில் தொங்கிய பை அடுத்த மாதம் முட்டியில் இடிக்கும். கைப்பிடியை மட்டும் ஒரு அளவு சின்ன ஊசியில், நெருக்கமான கண்ணியில் போட்டு, உள்ளே ஒரு துணிப்பட்டையும் வைத்துத் தைத்தால் அடங்கும். இதைப் பல வீடியோக்கள் சொல்வதில்லை. வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் தெரிகிறது.

ஊசி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் நிட்டிங் ஊசிக்கு இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர் புழங்குகிறது. அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ. வீடியோவில் மி.மீ. கணக்கு சொன்னால் அப்படியே நம்பராகக் கேட்டு வாங்கிவிடக் கூடாது.

கூடிப் பின்னுவது எதற்கு?

வெளிநாடுகளில் பின்னல்காரர்கள் கூடும் விழாக்கள் பெரிய அளவில் நடக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் 2010இலிருந்து கம்பளி வாரம் கொண்டாடுகிறார்கள். பொது இடத்தில் உட்கார்ந்து பின்னும் 'உலகப் பொதுவெளிப் பின்னல் நாள்' 2005இல் தொடங்கியது, ஜூன் மாதம் வருகிறது. நூல் விற்பனை, பயிற்சி எல்லாம் இருந்தாலும் கூட்டத்தின் உயிர் வேறு. அவரவர் வேலையைக் கொண்டுவந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துக் கற்பதுதான் அது. ஊசியை எந்த விரலில் தாங்குவது, நூலை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் எழுத்தில் அடங்காத விஷயங்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் சென்னையில் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய இந்தக் குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிய துண்டுகளைச் சேர்த்து உருவான போர்வை அது. பொழுதுபோக்கு என்று வீட்டுக்குள் முடங்கிய வேலை முதல்முறையாக ஏக்கர் கணக்கில் வெளியே தெரிந்தது.

பேரையூருக்குக் கூட்டமாக உட்கார்ந்து நூல் வேலை செய்வது புதுசும் இல்லை. பக்கத்து டி.கல்லுப்பட்டியில் 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கியது. கிராமப் பொருளாதாரம் பேசிய ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது அங்கேதான். கதர் இயக்கத்தில் பலர் வரிசையாக உட்கார்ந்து ராட்டை சுற்றுவதற்கு நூற்பு வேள்வி என்றே பெயர். காந்தி தலைமை தாங்கிய 1924 பெல்காம் காங்கிரஸ் காலத்தில், உறுப்பினர் சந்தாவே மாதம் 2,000 கஜம் நூல் என்று விதி வைத்தார்கள்.

அதெல்லாம் வேண்டாம், ஊர்த் திண்ணையைப் பார்த்தாலே போதும். ஒயர் கூடை பின்னுவதும் பூக் கட்டுவதும் நாலு பேர் கூடிச் செய்யும் வேலைகள்தான். "அக்கா, இந்த முடிச்சு எப்படி?" என்று கேட்டுக் கற்றவை. மல்லிகையைச் சரம் தொடுக்கப் பழகிய விரலுக்கு நூலைச் சுற்றி இழுத்து இறுக்குவது அந்நியமில்லை. மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால், அதுவே இந்த ஊர்ப் பின்னல் கூட்டம்.

பேட்டர்னைப் பகிரலாமா?

கூட்டத்தில் அடிக்கடி வரும் மனஸ்தாபம் இது. கண்ணி போடும் முறை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் உட்கார்ந்து எழுதிய பேட்டர்ன், அதன் வரைபடம், போட்டோ ஆகியவற்றுக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது தப்பு. பொருளின் உருவத்தையே பாதுகாக்க வேண்டும் என்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். புதிய வடிவமாக இருக்க வேண்டும் என்பதால் வெளியே காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பதிவுக்குப் போவது தலைகீழ் வேலை.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அடுத்தவர் டிசைனைப் போட்டோ எடுக்கும் முன் கேட்பதும், "இது இன்னார் போட்டது" என்று சொல்லிப் பகிர்வதும் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

விலைக்கு வருவோம்

ஒரு பை 500 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல், ஜிப், உள்துணி 200 ரூபாய். மீதி 300. பின்ன எட்டு மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு 37 ரூபாய் 50 பைசா. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலியே 319 ரூபாய். எட்டு மணி நேரம் கண்ணும் கழுத்தும் வலிக்கப் பின்னியவருக்கு அதைவிட 19 ரூபாய் குறைவு. கூரியரும் சாம்பிளுக்குப் போன நூலும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

"சும்மா டிவி பாத்துக்கிட்டே போடுறதுதானே" என்ற பேச்சுதான் இந்த விலையை இறக்குகிறது. ஆந்திராவின் நரசாபூரில் நடந்தது இதற்குப் பாடம். அங்கே குரோஷே லேஸ் போடும் பெண்களை ஆய்வு செய்து மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் போகும் சரக்கைச் செய்தவர்களை வியாபாரிகள் தொழிலாளி என்று கணக்கிடவே இல்லை, ஓய்வு நேரத்தில் கை வேலை செய்யும் இல்லத்தரசி என்றே வைத்திருந்தார்கள், அதனாலேயே கூலி அடிமட்டத்தில் இருந்தது என்பதை அவர் காட்டினார். நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2024இல். புத்தகம் வந்து 42 ஆண்டு கழித்து.

விலை வைப்பதற்கு நடைமுறையில் உதவுவது ஒரு சின்னப் பழக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் உட்கார்ந்த நேரத்தை நோட்டில் குறித்து வைப்பது. நேரம் தெரிந்தால் எந்தப் பொருள் கட்டுப்படியாகும் என்று தெரியும். ஹேர் பேண்ட், கீ செயின், கம்மல் மாதிரியான சின்னப் பொருள்கள் நேரத்துக்கு நல்ல காசு தரும். பெரிய போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுக்கத்தான் சரி.

குழுவாகச் செய்தால் நூலைக் கோன் கணக்கில் மொத்தமாக வாங்கலாம், அங்கேயே செலவு குறையும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' விற்பனை வாய்ப்பு பற்றி வட்டார அலுவலகத்தில் கேட்கலாம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு 'பெஹ்சான்' அடையாள அட்டை தருகிறது. கண்காட்சிகளில் கடை போட விண்ணப்பிக்கும்போது அது கை கொடுக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. பேரம் பேசும் முன் பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நூல் நுனிகள் பின்னலுக்குள் ஒளித்துக் கோக்கப்பட்டிருந்தால், கைப்பிடி இணைப்பு இரண்டு முறை தைக்கப்பட்டிருந்தால், அது நாலைந்து வருஷம் உழைக்கும் பை. நுனிகள் வெளியே தொங்கினால் தாராளமாக விலையைக் குறைக்கச் சொல்லலாம்.