‘ஜி குடும்பம்’: அறிதலின் சுமை

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியலறிஞர் ஆல்டிரெட் வார்தினிடம், பாலின் கிராஸ் என்ற தையற்பெண் தம் அச்சத்தைக் கூறினார். தம் குடும்பத்தினர் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு மாண்டனர். தாமும் அவ்வாறே இளமையில் இறக்கக்கூடும் என்பதே அது. அச்சம் பொய்க்கவில்லை, பின்னாளில் அவர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

அந்தக் குடும்ப வரலாற்றை வார்தின் 1913இல் வெளியிட்டார். பெயரை மறைத்து ‘ஜி குடும்பம்’ என்றே குறித்தார். ஆனால் அவர் இனமேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளரும் ஆவார். ஒரு குடும்பம் தன் துயரைப் புரிந்துகொள்ள நாடிய அறிவை, அக்குடும்பத்தைத் தாழ்ந்த வழியென முத்திரையிடும் கருவியாகவும் அக்கொள்கை ஆக்கக்கூடியதாக இருந்தது. மரபணுச் சோதனை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் அறச்சிக்கல் தோன்றிவிட்டது.

1960களில் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தபோது, புற்றுநோய் வழிவழியாக வரும் என்ற கருத்தைப் பலர் ஐயுற்றனர். 2000இல் ஜி குடும்பத்தாரிடம் எம்.எஸ்.எச்.2 மரபணுப் பிறழ்வு கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைப் பெறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

அதுவரை அச்சம் குடும்பம் முழுமைக்கும் பொதுவாக இருந்தது. சோதனை அதைப் பங்கிட்டது. பிறழ்வு உள்ளவர் நோயின்றியே நோயை எதிர்நோக்கி வாழ்கிறார். இல்லாதவரோ, உடன்பிறந்தார்க்கு நேர்ந்தது தமக்கு நேராததற்காகக் குற்றவுணர்வு கொள்வதுண்டு. ஒருவரின் முடிவு, அறிய விரும்பாத உறவினரின் நிலையையும் வெளிப்படுத்திவிடலாம். அக்குடும்ப வழியில் வந்த எழுத்தாளர் ஏமி மெக்கே, பிறழ்வுடன் வாழ்ந்த அனுபவத்தை 2019இல் நூலாக்கினார்.

பிறழ்வு நோயன்று, நோய்க்கான வாய்ப்பே. முறையான பெருங்குடல் அகநோக்கிச் சோதனையால் உயிரிழப்பைக் குறைக்கலாம். அறிதலால் பயனுண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பயன், அறியாதிருக்கும் உரிமையை நீக்கிவிடாது. சோதனைக்கு முன்னரே ஆலோசனை வேண்டுமென்பது இதனாலேயே. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுத்தது. ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது.

தையற்பெண் தம் குடும்பத்தின் கதையைத் தாமே முன்வந்து கூறினார். அவருடைய சொல், அவரறியாத பல தலைமுறையினரையும் கட்டியது. அந்தச் சொல்லுக்கு உரியவர் யார் என்ற வினா, குருதிக் குப்பியோடு ஒவ்வொரு சோதனைக்கூடத்திற்கும் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.