தோட்டத்துப் பிள்ளைகளும் வீட்டுப் பாடமும்

பிள்ளையின் பாடவேலையைப் பெற்றோரே முடித்துக் கொடுக்கும் வழக்கத்தை இன்று எங்கும் காண்கிறோம். ஆயினும் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பூர்வ சரித்திரத்தை நோக்குவோர்க்கு, அங்கே நெடுங்காலம் இதற்கு நேர்மாறான வழக்கமே நிலவியது புலப்படும்.

1885-இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்யச் சென்று கண்ட இந்தப் பஹாங் மலைநாட்டில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை ஸ்தாபித்தார். அதற்கு முன்னரே, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட ஓரினத்துப் பிள்ளைகள் பத்துப் பேராவது உள்ள தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி கட்டி ஆசிரியரையும் அமர்த்த வேண்டும் என்று, ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டம் இருந்தும், மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் பள்ளி என்பது ஒரு கொட்டகையாகவே இருந்தது; ஆசிரியர் என்பவர் எழுத்தறிந்த கிராணியாகவோ (எழுத்தர்) கங்காணியாகவோதான் இருந்தார்.

விடியுமுன் பெரட்டு என்னும் பேர்ப்பதிவுக்குப் போய், பனியில் நனைந்து கொழுந்து பறித்து, கூடையை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பும் தாய்க்கு, பிள்ளையின் சிலேட்டில் இருப்பது சரியா தவறா என்று சொல்லும் வித்தை தெரியாது. பிள்ளைகளோ பெற்றோரின் வேலையில் பங்கு கொண்டார்கள்: தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டார்கள், விடுமுறை நாளில் கொழுந்துக்கும் போனார்கள். தமிழகத்துச் சொந்த ஊருக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள் பொறுப்பே. மண்ணெண்ணெய் விளக்கின் பக்கத்தில் குந்தியிருந்து, தாய் சொல்லச் சொல்ல, “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கி, பாட்டியின் சுகவீனத்தையும் அனுப்பிய பணத்தின் கணக்கையும் எழுதி முடித்த நான்காம் வகுப்புச் சிறுமிக்கு, அதனினும் சிறந்த கட்டுரைப் பயிற்சி வேறில்லை.

1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் தமிழ்ப்பள்ளிகள் தேசிய முறைக்குள் வந்தன; 1988-இல் ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யுபிஎஸ்ஆர் தேர்வு தொடங்கிற்று. இப்பள்ளிகளில் கற்ற தலைமுறை பெற்றோராகியபோது, இடைநிலைப்பள்ளி வரலாற்றுக்கும் புவியியலுக்கும் ஃபோலியோ என்னும் தொகுப்பேடு தயாரிக்கும் கடமை பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. படம் வெட்டி ஒட்டுவதும், தகவல் திரட்டித் தட்டச்சு செய்வதும் மெல்ல மெல்ல அப்பா அம்மாவின் இரவு வேலையாயின. 2021-இல் யுபிஎஸ்ஆரும் 2022-இல் மூன்றாம் படிவ மாணவர்க்கான பிடி3 தேர்வும் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடே பிரதானமாகிவிட்ட நிலையில், இந்தச் சபலம் மேலும் வலுத்திருக்கிறது.

தமக்குக் கிடைக்காத உதவியைப் பிள்ளைக்கு அளிக்கிறோம் என்ற வாத்ஸல்யம் இதன் மூலகாரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எழுத்தறியாத தாய்மார் தம்மையறியாமலே பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த சுயமுயற்சியை, எழுத்தறிந்த நாம் அன்பின் பெயராலேயே பறித்துக்கொள்கிறோம். பெற்றோர் பிள்ளையின் அருகில் உட்காரட்டும், கேட்ட சந்தேகத்தைத் தீர்க்கட்டும். பேனா மட்டும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.