மயிலிட்டி மண்ணும் மானியப் பணமும்

நிலத்தின் வரலாற்றை எழுதுவோர், அது யாருக்கு உரியதாயிருந்தது, யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்று எழுதுகின்றனர். அந்நிலத்தில் உழைத்தவர் என்ன கற்றனர், அக் கல்விக்கு யார் செலவு செய்தனர் என்பதை எழுதுவோர் அரியர். சேதன விவசாயத்துக்கெனப் பயிற்சிப் பட்டறைகள் நடைபெறுவதும் அவற்றுக்கு நிதிக்கொடைகள் வழங்கப்படுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. இவ்வேளையில் அவ் விடுபட்ட பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது பயனுடைத்து. அதற்கு மயிலிட்டியிலிருந்து தொடங்குவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மயிலிட்டியை மீன்பிடித் துறைமுகமாகவே வெளியூரார் அறிவர். கரையைவிட்டு உள்ளே நடந்தால் வலிகாமத்தின் செம்பாட்டு மண் தொடங்குகிறது. அதன் அடியில் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லாத நாடு. மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. நீரைப் போலவே மண்ணிலிட்ட சத்தும் விரைவில் கீழிறங்கிவிடும். இதனை உணர்ந்த குடாநாட்டுக் கமக்காரர் பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணுள் புதைத்தனர். தோட்டத்தில் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தனர். கடல் கரையொதுக்கிய சாதாளையையும் எருவாக்கினர். எழுதப்படாத ஆராய்ச்சி இது. இதற்கு எவரும் மானியம் வழங்கவில்லை.

அப் பழைமையைப் பொற்காலமென்று நாம் போற்றப் புகவில்லை. குழை சுமந்த தோள்களும் துலா மிதித்த கால்களும் யாருடையவை என்பதை மறத்தல் ஆகாது. சாதியின் பெயரால் நிலவுரிமை மறுக்கப்பட்டவர்களே அப் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கினர். இரசாயனப் பசளை வந்தபோது சுமை குறைந்தது, விளைச்சல் பெருகியது. அதனை வரவேற்றவர்களை நாம் குறைகூற முடியாது.

1962ஆம் ஆண்டிலிருந்து இலங்கை அரசு நெற்செய்கைக்குப் பசளை மானியம் வழங்கியது. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டங்களில் செய்கை என்றுமில்லாதவாறு தீவிரமடைந்தது. அதன் மறுபக்கம் கிணற்றில் தெரிந்தது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைக் கடந்திருந்ததை 1980களின் ஆய்வுகள் காட்டின. எதை, எவ்வளவு, எப்போது இடுவது என்று கமக்காரரும் ஆய்வாளரும் கூடியிருந்து ஆராயவேண்டிய காலம் அது. வந்ததோ போர்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் துறந்து வெளியேறினர். அவர்கள் ஊர் பின்னர் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கியது. அதே காலத்தில் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் யூரியாவும் ஒன்று. பசளையின்றியும் எரிபொருளின்றியும் எஞ்சிய நிலத்தில் மக்கள் பயிரிட்டனர். குழையும் எருவும் மீண்டும் தோட்டத்துக்கு வந்தன. இதனைச் சேதன விவசாயத்தின் மறுமலர்ச்சி என்று கூறுவது மனிதத் துன்பத்தை இகழ்வதாகும். அது முற்றுகை.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கியூபாவும் பசளையிழந்து நின்றது. சோவியத் யூனியன் வீழ்ந்ததும், அமெரிக்கத் தடையின் நடுவே, அந்நாட்டின் இறக்குமதி சரிந்தது. ஆயினும் அங்கே ஆராய்ச்சி நிலையங்களும் சிறு விவசாயிகளின் தேசிய சங்கமும் இருந்தன. 1997இல் அச் சங்கம் 'கமக்காரரிடமிருந்து கமக்காரருக்கு' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு கமக்காரர் தம் நிலத்தில் செய்து கண்டதை அயலவர் நேரில் வந்து பார்ப்பதே அங்குப் பயிற்சிப் பட்டறை. 2000களின் இறுதிக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இணைந்தன. கியூபா இன்றும் உணவின் பெரும்பங்கை இறக்குமதி செய்கிறது என்பதையும் மறைத்தல் தகாது. ஆனால் பற்றாக்குறையைக் கூட்டுக் கல்வியாக மாற்ற முடியும் என்பதற்கு அவ்வியக்கம் சான்று.

செல்வம் கொழிக்கும் நாட்டின் நிலையையும் நோக்குவோம். இயற்கை விவசாய ஆராய்ச்சிக்கென 1990இல் கலிபோர்னியாவில் ஓர் அறநிதியம் நிறுவப்பட்டது. அது 1997இல் வெளியிட்ட கணக்கொன்று வியப்பூட்டுவது: அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பதிவிலிருந்த சுமார் 30,000 ஆய்வுத் திட்டங்களுள் இயற்கை விவசாயத்தை உறுதியாகச் சார்ந்தவை 34 மட்டுமே. பசளை விற்பவனுக்கு ஆய்வால் இலாபமுண்டு. குழை புதைப்பவனின் அறிவை எவரும் போத்தலில் அடைத்து விற்க முடியாது. சந்தை அதற்குச் செலவிடாது. ஆகவேதான் பொதுப்பணம் தேவைப்படுகிறது.

இதற்கு நம் அயலிலேயே முன்னுதாரணம் உண்டு. 1924இல் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் அமைத்த பயிர்த்தொழில் நிலையத்துக்கு மத்திய இந்தியச் சமஸ்தானங்களும் இந்திய மத்திய பருத்திக் குழுவும் நிதியளித்தன. அக் குழுவின் வருவாய் பருத்திமீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. அதாவது உழவனின் விளைபொருளே உழவனின் ஆய்வுக்குப் பணம் தந்தது. அங்கு வகுக்கப்பட்ட கூட்டெரு முறை 1931இல் நூலாயிற்று. 1930களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களும் அதனைக் கையாண்டன. அறிவு கடல் கடந்து வந்தது. ஆனால் அதன் பயனைத் தோட்டத்துரைமார் பெற்றனர், எருக்குழியில் உழைத்தவர் கூலியோடு நின்றனர்.

இவ் வரலாற்றை அறியாதார் போல் நம் அரசு 2021இல் நடந்துகொண்டது. அவ்வாண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்றால் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆய்வுமில்லை, ஆயத்தமுமில்லை, கமக்காரரைக் கேட்டதுமில்லை. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை கைவிடப்பட்டது. இடையில் சீனாவிலிருந்து கப்பலேற்றிய 20,000 தொன் சேதனப் பசளையில் தீங்கான நுண்ணுயிர் உண்டென்று அது இறக்கப்படாமலே திருப்பப்பட்டது. ஆயினும் அதன் பொருட்டு 2022 ஜனவரியில் சுமார் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. நாட்டின் ஒரு பிடி மண்ணும் காணாத எருவுக்கு அவ்வளவு பணம்! அத்தொகையில் எத்தனை கிராமங்களில் எத்தனை ஆண்டுகள் கமக்காரர் கூடிக் கற்றிருக்கலாம் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும்.

சேதன விவசாயம் பிழையென்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். கல்வியின்றிக் கட்டளையால் செய்தது பிழை. பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்யவேண்டியதை ஒரு பருவத்தில் செய்யத் துணிந்தது பிழை.

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. 27 ஆண்டுகளின் பின் மீண்டவர்கள் கண்டவை பற்றைக்காடும் இடிந்த சுவர்களுமே. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத நிலம் இன்னும் உண்டு. பட்டறைக்கு நிதி தருவோர் முதலில் இதனைச் சிந்திக்கவேண்டும். காணி இல்லாதவனுக்குக் கூட்டெரு செய்யக் கற்பிப்பது எதற்கு? ஒரு தலைமுறை ஊருக்கு வெளியே பிறந்து வளர்ந்தது. எந்தக் குழையை எந்தப் பயிருக்கு இடுவது என்ற அறிவு தந்தையிடமிருந்து மகளுக்கு இறங்கும் வழி அறுபட்டது. அவ் வழியை ஒருநாட் கூட்டமும் ஒரு பொதி தேநீரும் மீண்டும் இணைத்துவிடா.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. நிலம் உரியவரிடம் மீளவேண்டும். நிதிக்கொடை ஒரு நாளுக்கன்றிப் பல போகங்களுக்கு வழங்கப்படவேண்டும். எதை ஆராய்வது என்பதைக் கமக்காரரும், கூலிக்கு உழைக்கும் பெண்களும் தீர்மானிக்கவேண்டும். பல்கலைக்கழகமும் விவசாயப் போதனாசிரியரும் அவர்களுக்குத் துணைநிற்கவேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஊர் மீண்ட முதியவர் அருகில் அமர்ந்து, அவர் மண்ணைப் பற்றி அறிந்ததைக் கேட்டு எழுதுக. கிணற்று நீரைச் சோதித்து, அதன் முடிவைக் கிணற்றுக்கு உரியவரிடம் சொல்லுக. அதற்குப் பெரும்பணம் தேவையில்லை. அம் முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டும், அவ்வளவே.