அண்மையும் சேய்மையும்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். இயற்கை நமக்கு இரு கண்களை ஏன் அளித்தது என்பது உடனே விளங்கும். இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட இடங்களிலிருந்து காண்கின்றன. அவ்வேறுபாட்டையே மனம் தூரமாக அளந்துகொள்கிறது. தட்டையான இரு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினால் அங்கே திண்மை தோன்றும் என்று 1838ஆம் ஆண்டில் மெய்ப்பித்தவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கில அறிஞர்.

இருபது ஆண்டுகளில் அக்கலை தமிழகத்தையும் எட்டிவிட்டது. சென்னை மாகாண அரசு புகைப்படக்காரராக அமர்த்திய கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். இரு கண்ணால் காண்பதற்கான இரட்டைப் படங்களையும் எடுத்தார். அக்காலப் படத்தாள் நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். ஆதலால் வானம் வெறும் வெள்ளையாக அச்சாகும். இக்குறையைப் போக்க, ட்ரைப் தம் நெகடிவ்களின்மீது வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைகளையும் திருத்தினார். இதனை மோசடி என்று கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அப்படத்தைக் கொண்டு அன்று மேகமூட்டம் இருந்தது என்று எழுதும் வரலாற்று மாணவன் ஏமாந்து போவான். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் செலவு மிகுதி என்று கருதவே, அப்பணி நின்றது.

அந்த இரட்டைப் பார்வையும் அந்தத் தூரிகையும் இன்று நம் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7 பிளஸ் கைப்பேசியில் அருகருகே இரு வில்லைகளை வைத்து, ‘போர்ட்ரெய்ட்’ என்னும் முறையைக் கொணர்ந்தது. மறு ஆண்டே கூகுளின் பிக்சல் 2, ஒரே வில்லையின் இரு பாதிகள் காணும் காட்சிகளை ஒப்பிட்டு அதே பயனைப் பெற்றது. இக்கருவிகள் புகைப்படத்தோடு சாம்பல்நிறப் படமொன்றையும் ஆக்குகின்றன. அதில் அருகிலிருப்பது வெளுப்பாகவும் தொலைவிலிருப்பது கறுப்பாகவும் காணப்படும். இதுவே ஆழப்படம். கறுப்பு மிகமிக, அவ்விடம் மங்கலாக்கப்படும்.

இக்கணக்கு தவறும் இடங்களைக் காண வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியைவிட ஏற்ற இடம் வேறில்லை. இரு காட்சிகளிலும் ஒரே புள்ளியை அடையாளம் கண்டால்தான் தூரத்தை அளக்க முடியும். மெருகேற்றிய தோலிலோ புள்ளியும் கோடும் இல்லை. பளபளப்போ ஒரு வில்லைக்கு ஓரிடத்திலும் மற்றதற்கு வேறிடத்திலும் தோன்றுகிறது. எனவே கருவி திகைக்கிறது. காலணியின் நுனி தெளிவாக நிற்க, பக்கவாட்டுத் தோல் கரைந்துபோகும். நாடாவின் வளையத்துக்குள் பின்னணி மங்காமல் எஞ்சிநிற்கும். இத்தகைய பிழைகளைத் திருத்தும் வசதி, 2023இல் லைட்ரூம் மென்பொருளில் வந்த ‘லென்ஸ் பிளர்’ பகுதியில் உண்டு. ஆழப்படத்தைக் கண்முன் விரித்து, எது தெளிய வேண்டும், எது மங்க வேண்டும் என்று தூரிகையால் தீட்டலாம். காலணி வணிகனுக்கு இது நற்பேறு.

ஆனால் தோல் பதனிடும் சாலையில் உழைக்கும் தந்தையை மகன் படமெடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் முகம் தெளிகிறது. பின்னால் தொங்கும் தோல்களும் சுழலும் மரப் பீப்பாய்களும் புகைபோல் மறைகின்றன. அழகுதான், ஆயின் எதை இழந்தோம்? ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டு உலகெங்கும் அனுப்பிய நாடு இது. பாலாறு மாசுபட்டது குறித்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாத ஆலைகள் இயங்கக் கூடாதென்றாயிற்று. இத்தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோன் பழைய படங்களில் முகத்தைவிட முகத்தின் பின்புறத்தையே ஆராய்வான். தொட்டி எங்கே இருந்தது, கழிவு எவ்வழி ஓடியது, கால்களில் காலணி இருந்ததா என்பனவெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

நற்பேறாக, எடுத்த கைப்பேசியில் மங்காத மூலமும் ஆழப்படமும் தனித்தனியே இருக்கக்கூடும், மங்கலை நீக்கிவிடலாம். அதனை வேறோர் உருவில் மாற்றி நண்பர்க்கு அனுப்பும்போது ஆழப்படம் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. பெறுபவர் கையில் மங்கலே மூலமாகிறது. ட்ரைப்பின் தாள் நெகடிவ்களோ இன்றும் காட்சிசாலைகளில் உள்ளன. அவற்றை ஆராய்வோர் வெயில் பதித்தது எது, கேப்டனின் தூரிகை தீட்டியது எது என்று பிரித்தறிகின்றனர்.